அவள் வாயால் வேண்டாம்

விசாரணைக்குப் போகும் காலையில் குகனேஸ்வரன் தோட்டத்து முருகன் கோயில் வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பினான். கேட்பதற்கு இல்லாமல் இல்லை. வேலை போகக் கூடாது. வேலையோடு சேர்ந்து, தோட்டம் கொடுத்த, பிறந்து வளர்ந்த லயத்து வீடும் போகக் கூடாது. ஆண்டு இறுதியில் எஸ்.பி.எம். பள்ளி முடிவுத் தேர்வு எழுத இருக்கும் மகள் புவனேஸ் பாதியில் பள்ளி மாறக் கூடாது. இதையெல்லாம் கேட்கத்தான் விடியலிலேயே குளித்து, மனைவி சாரதா தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆனால் இவை நடக்க வேண்டுமானால் பத்து மணிக்கு அவன் ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய் பலிக்க வேண்டும் என்று சாமியிடம் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு படி இறங்கினான்.

கேமரன் மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் பத்தொன்பது வருடமாக லோரி ஓட்டுகிறான். சரிவுகளில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஆலையில் சேர்ப்பது அவன் வேலை. தோட்டத்துப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. பனி இறங்கிவிட்டால் வளைவே தெரியாது. அதனால் ஓட்டுநர்கள் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வாக்கி டாக்கியில் குரல் கொடுப்பார்கள். "ஆறாம் வளைவு, ஏறுறேன்" என்று ஒருவன் சொன்னால் எதிரே வருபவன் ஒதுங்கி நிற்பான். ஏழு லோரிகள், ஆலை, அலுவலகம், வெளிக்காட்டில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்கள் என்று எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் தோட்டமே கேட்கும்.

பனி ஈரம் பட்டு வாக்கி கெட்டுப்போகிறது என்று ஓட்டுநர்கள் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு நாள், வண்டியை எடுக்கும்போது குகனேஸ்வரன் மாட்டிய ரப்பர் பேண்ட், பேசும் பொத்தானின் மேல் இறுகிக் கிடந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அன்று காலை அவன் லோரியில் ஏறி நின்று கொழுந்து மூட்டைகளைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கினால் இரண்டு நடை ஒரே நடையாகும். உமாதேவி பார்த்துவிட்டாள். நாற்றுப் பண்ணையில் பத்து வருடம் வேலை செய்து, நான்கு மாதத்துக்கு முன்பு மண்டோராக ஆனவள். அந்தப் பிரிவில் மேற்பார்வைக்கு வந்த முதல் பெண்.

"அண்ணே, எறங்குங்க. மிதிச்சா கொழுந்து சூடேறி செவந்துரும்னு ஒங்களுக்குத் தெரியாததா? பாதிய எறக்கிட்டு ரெண்டு நடையா வாங்க."

அவள் சொன்னது சரி. அவள் குரலும் உயரவில்லை. ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் சிரித்தான். குகனேஸ்வரன் இறங்கி மூட்டைகளை இறக்கினான். லோரி நகர்ந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான் கருப்பையாவிடம் பேசத் தொடங்கினான். 'அந்தப் பொம்பள' எப்படி மண்டோர் ஆனாள், உதவி மேலாளரான சின்னத் துரையின் பங்களாவுக்கு எந்த நேரத்தில் போகிறாள் என்று தான் கண்டதுபோல ஒரு கதை சொன்னான். அதோடு, ஒரு பெண்ணைப் பற்றி யாரும் சொல்லக் கூடாத ஒரு சொல்லையும் இரண்டு முறை சொன்னான். நான்காம் வளைவில் எதிரே வந்த லோரிக்காரன் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஆட்டி, "வாக்கி! வாக்கி!" என்று கத்தியபோதுதான் குனிந்து பார்த்தான்.

அந்த நான்கு நிமிடமும் உமாதேவியின் இடுப்பில் இருந்த வாக்கியும் பேசிக்கொண்டிருந்தது. கொழுந்து வெட்டும் வங்காளதேசத்து ஆட்களுக்குத் தமிழ் புரியாது. என்ன விஷயம் என்று அவர்கள் கேட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அவர்களுக்கும் மலாயில் விளக்கினான்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. சக ஊழியரைப் பற்றித் தகாத வார்த்தைகள் பேசியதற்கு ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

முதல் வாரம் அவனுக்கு உமாதேவி மேல்தான் கோபம். நேரில் வந்து நாலு திட்டு திட்டியிருக்கலாம், புகார் எழுதிக் கொடுத்துவிட்டாளே என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இரண்டாம் வாரம் அந்தக் கோபமும் அவனுக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் கருப்பையா வழி கண்டுபிடித்தான். தானா ராத்தா ஊரில் மூசா பாயின் சாப்பாட்டுக் கடைக்கு அவனை அழைத்துப் போய்ச் சொன்னான்.

"நீ பேரு சொன்னியா? சொல்லல லா. அந்தப் பொம்பள, அந்தப் பொம்பளன்னுதான சொன்ன. வண்டியில இருந்தது நீயும் நானும். ரெக்கார்டு கெடையாது. டிவி நாடகத்துல வர்ற வில்லியப் பத்திப் பேசிட்டு வந்தோம்னு சொல்லிருவோம். நான்தான் சாட்சி."

தே தாரே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மூசா பாய் காதைக் கொடுத்தார். "எந்த நாடகம்டா?"

"ராத்திரி ஏழரை மணிக்குப் போடுறது, பாய்."

"அதுல துரை பங்களா வருதா?"

கருப்பையா விழித்தான். "பணக்கார வீடு ஒண்ணு வருது."

"அப்ப இன்னிலேருந்து ஒழுங்கா உக்காந்து பாரு. கதையக் கேட்டா முழிக்காத." பாய் கோப்பைகளை வைத்துவிட்டு, குகனேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தார். 

விசாரணைக்கு முதல் நாள் மாலை அவன் அதைச் சாரதாவிடம் சொன்னான். அவள் கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்கிறாள். அப்போதுதான் வந்து, நாளைக்கு அவன் போட வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் நம்ம கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் என்னப் பத்தி ஒண்ணு சொன்னானே, நெனப்பிருக்கா?" என்று கேட்டாள். "டூரிஸ்ட்டுங்ககிட்ட சிரிச்சு சிரிச்சுப் பேசுறாளாம்னு."

"இருக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"போயி சட்டையப் புடிச்சேன்."

"ம்," என்றாள் சாரதா. சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்த்தாள்.

பத்து மணிக்கு அலுவலகத்துச் சந்திப்பு அறையில் விசாரணை தொடங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஷாஹ்ரில், மலாய் மரியாதையில் என்சிக் ஷாஹ்ரில், நடுவில் உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் வேறு தோட்டங்களைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகள். நபீலா என்ற எழுத்தர் கணினியில் குறிப்பெடுத்தாள். மொழிபெயர்க்க ராமசாமி கிராணியை உட்கார்த்தியிருந்தார்கள். முப்பது வருடமாக அந்த அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர். வெள்ளிக்கிழமை பூசையில் தேவாரம் பாடுபவரும் அவர்தான். மேசைக்கு இந்தப் பக்கம் குகனேஸ்வரன், அந்தப் பக்கம் உமாதேவி. கருப்பையா வெளியே காத்திருந்தான்.

என்சிக் ஷாஹ்ரில் மலாயில் குற்றச்சாட்டை வாசித்தார். ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"நான் பேசுனது இவங்களப் பத்தி இல்ல, என்சிக்," என்றான் குகனேஸ்வரன். பொய்யின் முதல் பாதி சுலபமாகவே வெளியே வந்தது. மனப்பாடம் செய்திருந்ததால் நாக்கு தடுக்கவில்லை.

"அப்படியானால் என்ன பேசினீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும்," என்றார் ஷாஹ்ரில். புகார்த் தாளைப் புரட்டினார். "இதில் 'கேவலமான வார்த்தைகள்' என்று மட்டும் இருக்கிறது. அது போதாது. எந்த வார்த்தைகள் என்று சொல்லுக்குச் சொல் பதிவாக வேண்டும். திரு. ராமசாமி, நீங்களும் அன்று வாக்கியில் கேட்டீர்கள் அல்லவா? சொல்லுங்கள்."

கிராணி நாற்காலியில் நெளிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"துவான், மன்னிக்கணும். அது என் வாயில வராது."

"தமிழில் வேண்டாம், மலாயில் சொல்லுங்கள்."

"எந்த மொழியிலயும் வராது, துவான்."

நபீலா சிரிப்பை அடக்கத் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ஷாஹ்ரில் சிரிக்கவில்லை. அவருக்கும் சங்கடம்தான். எழுதிக் கொடுக்கலாமா என்று கிராணி கேட்டார். எழுதினாலும் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் விதி என்றார் அவர். பிறகு தயங்கி, உமாதேவியின் பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால் புகார் கொடுத்தவர் நீங்கள்தான் சொல்ல வேண்டும், புவான். அவசரமில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்."

உமாதேவி எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடியே சொல்லலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. குளிர்ச்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வண்டியில போறப்ப இவரு…" என்று தொடங்கி நிறுத்தினாள். தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன்னு சொன்னாரு. என்னை…"

அதற்கு மேல் வரவில்லை. அவள் கழுத்தும் காதும் சிவந்துவிட்டன. கண்ணை சன்னலுக்குக் கொண்டுபோய், வெளியே தெரிந்த தேயிலை மேட்டில் நிறுத்திக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்தாள்.

குகனேஸ்வரன் அவள் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தான். இரண்டு வாரமாக அவனுக்கு அந்த வார்த்தை ஒரு கடிதமாக, ஒரு வீடாக, மகளின் தேர்வாக இருந்தது. ஒரு பெண்ணின் வாய்க்குள் அது வந்து நிற்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அவன் வாயிலிருந்து போனதை, அவள் தன்னைப் பற்றித் தானே, ஐந்து பேர் முன்னால், சொல்லுக்குச் சொல் சொல்லப்போகிறாள். சொன்ன பிறகு அவன் நாடகத்து வில்லியைக் கொண்டுவந்து நிறுத்தப்போகிறான்.

"நிறுத்துங்க, என்சிக்," என்று எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "அந்தத் தங்கச்சி வாயால வேணாம். நான் பேசுனது. நானே சொல்றேன்."

அறையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"இவங்களப் பத்தித்தான் பேசுனேன். இல்லன்னு இப்ப சொன்னது பொய். இவங்கள வெளிய இருக்கச் சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

"நான் போகல," என்றாள் உமாதேவி. நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "அன்னிக்கு முப்பது பேருக்கு நடுவுல கேட்டேன். இன்னிக்கு இருந்து கேக்குறேன்."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில், அன்று பேசியதை முழுக்கச் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. அந்தச் சொல் வந்தபோது நபீலாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன, பிறகு தட்டின. ராமசாமி கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்கள் சொன்னதில் எதையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஷாஹ்ரில் கேட்டார்.

"ஒண்ணும் பாத்ததில்ல. எல்லாம் பொய்யி. இவங்க நல்லா வேலை செஞ்சு வந்தவங்க. அன்னிக்கு என்னைச் சொன்னதும் சரிதான். பத்து வயசு சின்னவ, ஆளுங்க முன்னால சொல்லிட்டாளேன்னு ரோசம் வந்துச்சு. அதுக்கு என் வாயில வந்தது அது. இதையும் எழுதிக்கங்க."

சொல்லி முடித்ததும் மூச்சு இறங்கியது. வேலை போய்விட்டது என்றே அவன் நினைத்தான். இருந்தும், காலையில் கோயில் வாசலில் நின்றபோது நெஞ்சில் கிடந்த கனம் அங்கே இல்லை. வீடு போனால் எங்கே போவது என்ற கவலை அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்தக் கவலையை எந்தச் சாமி முன்னாலும் வைக்கலாம்.

விதிப்படி சாட்சியையும் அழைக்க வேண்டும் என்றார் ஷாஹ்ரில். கதவு திறந்தது. உள்ளே நடந்தது தெரியாத கருப்பையா தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றான். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"என்சிக், அந்த நாடகத்துல சொத்துக்காக மாமியாருக்குப் பால்ல மாத்திரை கலக்குறா ஒரு பொம்பள. நேத்து அவ தம்பியும் வந்துட்டான். அவளப் பத்தித்தான் நாங்க…"

"விட்ருடா, கருப்பையா," என்றான் குகனேஸ்வரன். "நான் சொல்லிட்டேன்."

"எத?"

"நடந்தத."

கருப்பையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "அப்ப நான் எதுக்குலா ஒரு வாரமா ஒக்காந்து பாத்தேன்?"

முதலில் சிரித்தது கிராணிதான். அவர் மொழிபெயர்த்ததும் நபீலாவும் சிரித்தாள். ஷாஹ்ரிலும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். உமாதேவி சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ஷாஹ்ரில் அவளிடம் கேட்டார். தண்டனையை முடிவு செய்வது நாங்கள்தான், ஆனால் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

உமாதேவி குவளையை மேசையில் வைத்தாள்.

"என் வீட்டுக்காரரு அகிலன், திரிங்காப் ஊருல காய்கறி லோரி ஓட்டுறாரு. அவரு காதுக்கும் போயிருச்சு. ஒரு வார்த்தை கேக்கல. ஆனா சாப்புடறப்ப என்னையே பாக்குறாரு. எனக்கு அதுதான் தாங்கல." அவள் குகனேஸ்வரனைப் பார்க்கவில்லை, ஷாஹ்ரிலைப் பார்த்தே பேசினாள். "இவரு வேலைய எடுத்தா எனக்கு என்ன கெடைக்கும்? ஒரு குடும்பத்த லயத்த விட்டு எறக்கிட்டாளேன்னு அதுக்கும் என்னத்தான் பேசுவாங்க. இங்க சொன்னாரே, பொய்யின்னு. அத நாளைக்குப் பெரட்டுல சொல்லணும். எல்லா ஆளும் நிக்கிறப்ப. தமிழ்லயும் சொல்லணும், மலாயிலயும் சொல்லணும்."

பெரட்டு என்பது தோட்டத்து ஆட்கள் விடியற்காலையில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து வேலை வாங்கும் இடம். வேலைக்கு வரும் ஒருவரும் அங்கே நிற்காமல் போக முடியாது.

அரை மணி நேரம் அவர்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். திரும்ப அழைத்தபோது ஷாஹ்ரில் தாளைப் பார்த்து வாசித்தார். இரண்டு வாரம் சம்பளமில்லாத இடைநீக்கம். கடைசி எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு முறை இப்படி நடந்தால் விசாரணையே கிடையாது. மறுநாள் பெரட்டில் மன்னிப்பு. அவனே ஒப்புக்கொண்டதையும் புகார் கொடுத்தவர் சொன்னதையும் கருத்தில் கொண்டு வேலை நீக்கம் இல்லை.

மலாய் அவனுக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் கிராணியின் பக்கம் திரும்பி, "வீடு?" என்றான்.

"இருக்குடா."

"வீடு இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு. போயி சாரதாட்ட சொல்லு."

வராந்தாவில் நின்று தொலைபேசியை எடுத்தான். கியா பார்மில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம், பின்னால் ஒரே இரைச்சல். "வீடு இருக்கு," என்று மட்டும் சொன்னான். பிறகு, "என்ன சொன்னீங்க அங்க?" என்றாள் சாரதா. "உள்ளதச் சொன்னேன்." யாரோ ஒரு டப்பா என்ன விலை என்று கேட்பது கேட்டது. அவள் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசைதான் வந்தது.

உமாதேவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் ஒதுங்கி வழி விட்டான்.

"தங்கச்சி, ஒங்களுக்கு நான்…"

"நாளைக்குச் சொல்லுங்கண்ணே, எல்லாருக்கும் சேத்து." இரண்டு படி இறங்கியவள் நின்றாள். "மன்னிச்சிட்டேன்னு இன்னிக்கு எனக்கு வாயில வரல. வர்றப்ப சொல்றேன். ஆனா உள்ள என்னைச் சொல்ல விடாம எந்திரிச்சீங்கள்ல, அது பெரிய ஒதவி."

மறுநாள் விடியலில் பெரட்டுத் திடலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் மழைச்சட்டையோடு நின்றார்கள். பனி விளக்கைச் சுற்றி அலைந்தது. ஓரத்தில் ஒரு காய்கறி லோரி நின்றது. அதன் கதவில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். அகிலன். குகனேஸ்வரன் முன்னால் வந்தான். எழுதி வைத்திருந்த தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, பிரிக்க வரவில்லை. தாளைப் பையில் வைத்துவிட்டான்.

"அன்னிக்கு வாக்கியில நம்ம மண்டோரப் பத்தி நான் பேசுனது…" இருமினான். வரிசையின் பின்னால் இரண்டு மூன்று பேர் களுக்கென்று சிரித்தார்கள். ஒருவன் வாக்கியைப் பிடிப்பதுபோலக் கையை வாயருகே வைத்துக் காட்டினான்.

"யாரது சிரிக்கிறது?" என்றது உமாதேவியின் குரல். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். "அவரு பேசிக்கிட்டு இருக்காரு. பேசி முடிக்கட்டும்."

சிரிப்பு நின்றது. அவன் முடித்தான். தமிழில் சொன்னான், பிறகு மலாயில் சொன்னான். சொன்னதெல்லாம் பொய், அதைக் கேட்டவர்கள் அதை மறந்துவிட வேண்டும், வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் பொய் என்று அவர்களிடமும் சொல்ல வேண்டும் என்றான். லோரியின் பக்கம் திரும்பி, "தம்பி, ஒங்ககிட்டயும்தான்," என்றான். அகிலன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். வண்டிக்குள் குனிந்து ஒரு சுடுநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க, நேராக நடந்துபோய் மனைவியின் கையில் கொடுத்தான்.

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்ட," என்றான்.

உமாதேவி பட்டியலைப் பிரித்துப் பெயர் வாசிக்கத் தொடங்கினாள்.

அன்று குகனேஸ்வரனுக்கு வேலை இல்லை. மெதுவாக லயத்துக்கு இறங்கி வந்தான். புவனேஸ் பள்ளிக்குப் போயிருந்தாள். சாரதா கிளம்பி, காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தோசை இருக்கா?" என்றான் அவன். "பசிக்குது."

இரண்டு வாரமாக அவன் அப்படிக் கேட்டதில்லை. சாரதா காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கல்லைக் காயவைத்து நான்கு தோசை வார்த்தாள். அவன் ஐந்தாவதும் கேட்டான், வார்த்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். கியா பார்முக்குப் போகும் வேன் வாசலில் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"அடுத்ததுல போறேன்," என்றாள் அவள்.